சீரியல் கன்சோலில் ஒன்றும் வரவில்லையா? எம்பெடட் லினக்ஸ் போர்டு பூட் ஆகும்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்டுக்கு பவர் கொடுத்தாயிற்று, எல்இடி எரிகிறது, போர்டின் செய்திகளை எழுத்தாக லேப்டாப்புக்குக் கொண்டுவரும் சீரியல் கன்சோலில் மட்டும் ஒன்றும் இல்லை, திரை காலியாகக் கிடக்கிறது. எம்பெடட் லினக்ஸில் கை வைத்த யாரும் இப்படி ஒரு ராத்திரியாவது முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் பீகிள்போன் பிளாக், ராஸ்பெரி பை, ராக்சிப் போர்டுகள், ஏனென்றால் என் மேசையில் கிடப்பவை அவைதான். கட்டளைகளையும் செட்டிங்குகளையும் வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன், அடிக்கும்போது வழக்கமான எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு எழுத்துகூட வரவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

போர்டை அப்படியே விட்டுவிட்டு முதலில் போர்டின் சீரியல் பின்களை லேப்டாப்பின் யூஎஸ்பியோடு இணைக்கும் யூஎஸ்பி-டிடிஎல் கன்வெர்ட்டரைப் பாருங்கள். அதன் டிஎக்ஸ் (அனுப்புவது), ஆர்எக்ஸ் (வாங்குவது) இரண்டு பின்னையும் ஒரு ஜம்பர் வயரால் சேர்த்துவிட்டு, டெர்மினலைத் திறந்து ஏதாவது தட்டுங்கள். தட்டிய எழுத்து திரும்பி வந்தால் கன்வெர்ட்டர், டிரைவர், டெர்மினல் மூன்றும் சரி. வயரை எடுத்ததும் எழுத்து வருவது நிற்க வேண்டும், அதையும் பாருங்கள், இல்லையென்றால் டெர்மினலின் லோக்கல் எக்கோவைப் பார்த்து ஏமாந்திருப்பீர்கள். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் கர்னலை (லினக்ஸின் மையப் பகுதியை) மூன்று தடவை கம்பைல் செய்தவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம் போர்டு. மூன்றே வயர்: கிரவுண்டுக்கு கிரவுண்டு, கன்வெர்ட்டர் டிஎக்ஸ் போர்டின் ஆர்எக்ஸுக்கு, கன்வெர்ட்டர் ஆர்எக்ஸ் போர்டின் டிஎக்ஸுக்கு. விசிசி (பவர்) வயரை எங்கேயும் மாட்டாதீர்கள், போர்டுக்கு அதன் பவர் தனியாக இருக்கிறது. பீகிள்போன் பிளாக்கில் ஜே1 என்ற 6 பின் வரிசையில் 1 கிரவுண்டு, 4 ஆர்எக்ஸ், 5 டிஎக்ஸ். ராஸ்பெரி பையின் 40 பின் வரிசையில் 6 கிரவுண்டு, 8 டிஎக்ஸ், 10 ஆர்எக்ஸ். சில மலிவு கன்வெர்ட்டர்களில் "டிஎக்ஸ்" என்று அச்சிட்டிருப்பது எதிர்ப்பக்கத்து டிஎக்ஸை இங்கே மாட்டு என்ற அர்த்தத்தில் இருக்கும், அதனால் இரண்டு பக்கமும் 3.3 வோல்ட் என்று உறுதியாகத் தெரிந்தால் ஒரு தடவை மாற்றி மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

எது டிஎக்ஸ் என்றே தெரியாத போர்டா? மல்டிமீட்டரின் கறுப்பு முனையை கிரவுண்டில் வைத்து, சிவப்பை ஒவ்வொரு பின்னாக வைத்துப் பாருங்கள். சீரியல் லைன் சும்மா இருக்கும்போது மேலேதான் நிற்கும், அதாவது 3.3 வோல்ட், சில போர்டுகளில் 1.8. முனையை எடுக்காமல் ரீசெட் அழுத்துங்கள். பூட் லாக் ஓடும் அந்தச் சில வினாடிகள் மட்டும் மீட்டரில் எண் இறங்கித் தள்ளாடினால், அதுதான் டிஎக்ஸ். எண் ஆடாமல் அப்படியே நின்றால் அது வெறும் பவர் பின்னாக இருக்கலாம்.

கேள்வி: பழைய 9 பின் சீரியல் போர்ட்டில் நேராக மாட்டலாமா? 5 வோல்ட் கன்வெர்ட்டர் இருக்கிறது, அது?

இரண்டும் கூடாது. ஆர்எஸ்-232 லைன் மைனஸுக்கும் பிளஸுக்குமாக 3 முதல் 15 வோல்ட் வரை ஆடும், நடுவில் மேக்ஸ்3232 மாதிரி ஒரு சிப் இல்லாமல் மாட்டினால் பின் போய்விடும். 5 வோல்ட் கன்வெர்ட்டரில் இப்படித்தான் நானே ஒரு போர்டைக் கெடுத்தேன். ஆர்எக்ஸ் மட்டும் செத்துவிட்டது, டிஎக்ஸ் நன்றாக இருக்கிறது. இன்றும் அலமாரியில் கிடக்கிறது: வாய் பேசும், காது கேட்காது.

கேள்வி: லேப்டாப்பில் யூஎஸ்பி போர்ட்டே காட்டவில்லை, அல்லது காட்டிவிட்டு மறைந்துவிடுகிறது.

மாட்டியவுடன் டிமெசேஜ் (கர்னல் செய்திகளைக் காட்டும் கட்டளை) பாருங்கள். அனுமதி இல்லை என்று சொன்னால் உங்கள் யூசரை டயல்அவுட் குரூப்பில் சேர்த்து, லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள். டெபியன், உபுண்டுவில் அவ்வளவுதான். போர்ட் வந்த வேகத்தில் காணாமல் போனால், அதுவும் உபுண்டு 22.04, சிஎச்340 கன்வெர்ட்டர் என்றால், பிஆர்எல்டிடிஒய் என்ற புரோகிராம்தான் அதைப் பிடுங்கிக்கொண்டிருக்கும். அது பிரெய்ல் காட்டும் கருவிக்கானது, உங்கள் கன்வெர்ட்டரின் யூஎஸ்பி அடையாள எண்ணைப் பார்த்து பிரெய்ல் கருவி என்று நினைத்துக்கொள்கிறது. பிரெய்ல் கருவி தேவையில்லாத மெஷின் என்றால் அந்தப் பேக்கேஜை எடுத்துவிடலாம்.

கேள்வி: எழுத்து வருகிறது, ஆனால் எல்லாம் குப்பை.

பாட் ரேட், அதாவது வினாடிக்கு எத்தனை பிட் என்ற வேகம். பெரும்பாலான போர்டுகள் 115200. ராக்சிப் போர்டுகளில் அநேகமாக 1500000, ஆமாம், பதினைந்து லட்சம். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது: டெர்மினலில் அந்த எண்ணைப் போட்டாலும் கன்வெர்ட்டர் அவ்வளவு வேகம் போக வேண்டுமே. சிபி2102 சிப் பத்து லட்சத்தோடு நின்றுவிடும். ராக்சிப் போர்டுக்கு அதை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டாதீர்கள், எஃப்டி232 ஒன்று வாங்கிவிடுங்கள்.

ஆரம்பத்தில் சுத்தமாக வந்து, கர்னல் தொடங்கியதும் குப்பையானால் கதை வேறு. பூட்லோடர் (கர்னலை ஏற்றி ஓட்டிவிடும் புரோகிராம்) ஒரு வேகத்திலும் கர்னல் வேறொரு வேகத்திலும் பேசுகின்றன, கர்னலுக்குக் கொடுத்த கன்சோல் வரியில் கமாவுக்குப் பின்னால் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். எந்த வேகத்திலும் ஒழுங்காக வராமல் சில நேரம் சரியாகவும் சில நேரம் குப்பையாகவும் வந்தால், கிரவுண்டு வயர் கழன்றிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

கேள்வி: பீகிள்போனில் "சி" என்ற எழுத்து மட்டும் வரிசையாக வந்துகொண்டே இருக்கிறது. போர்டு போய்விட்டதா?

இல்லை, நல்லபடியாக உயிரோடு இருக்கிறது. சிப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும் பூட் ரோம் புரோகிராம் எஸ்டி கார்டிலும் இஎம்எம்சியிலும் (போர்டிலேயே இருக்கும் சேமிப்புச் சிப்) தேடிப் பார்த்து ஒன்றும் கிடைக்காமல், எக்ஸ்மோடம் (சீரியலில் கோப்பு அனுப்பும் முறை) வழியாக யாராவது பூட்லோடரை அனுப்புங்கள் என்று கேட்பதுதான் அந்த "சி". வயரிங்கும் பாட் ரேட்டும் சரி என்பதற்கும் இதுவே சாட்சி. கார்டைத் திரும்ப எழுதுங்கள். எஸ்டி கார்டிலிருந்து பூட் செய்ய எஸ்2 பட்டனை அழுத்திக்கொண்டே பவர் கொடுக்க வேண்டும். ரீசெட் பட்டனை அழுத்தும்போது எஸ்2-வைப் பிடித்துப் பயனில்லை, அந்தப் பின்களைச் சிப் படிப்பது பவர் வரும்போது மட்டும்தான்.

கேள்வி: யாரும் கீயைத் தொடாமலே யூ-பூட் என்ற பூட்லோடரின் ப்ராம்ப்ட்டில் போய் நின்றுவிடுகிறது.

யாரோ தொடுகிறார்கள், நீங்கள் இல்லை, அவ்வளவுதான். கேபிள் மாட்டாத போர்டில் ஆர்எக்ஸ் பின் அந்தரத்தில் தொங்கும், அதில் ஏறும் இரைச்சலை யூ-பூட் ஒரு கீ என்று நினைத்துக்கொண்டு பூட்டை நிறுத்திவிடும். ஆபீஸ் மேசையில் கேபிளோடு ஒழுங்காக ஓடும் போர்டு, கேபிளைக் கழற்றி வாடிக்கையாளர் இடத்தில் வைத்ததும் பூட் ஆகவில்லை என்று போன் வருமே, அதன் காரணம் பல தடவை இதுதான். கேபிள் மாட்டியிருக்கும்போது நடந்தால் லேப்டாப்பின் மோடம்மேனேஜரைச் சந்தேகப்படுங்கள். புதிதாக ஒரு சீரியல் போர்ட் தெரிந்தால் அது மோடமா என்று பார்க்க ஏடி கட்டளைகளை அனுப்பும் பழக்கம் அதற்கு உண்டு.

சரியான தீர்வு ஆர்எக்ஸ் லைனை ஒரு ரெசிஸ்டரால் மேலே இழுத்து வைப்பது. சாஃப்ட்வேரில் செய்வதென்றால் யூ-பூட்டில் பூட்-டிலே (பூட் ஆகும் முன் கீக்காகக் காத்திருக்கும் நேரம்) மதிப்பை மைனஸ் 2 ஆக்குங்கள், காத்திருக்காமல், கீயையும் பார்க்காமல் போய்விடும். மைனஸ் 1 போட்டுவிடாதீர்கள், அது ஆட்டோபூட்டையே நிறுத்திவிடும், இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். மைனஸ் 2 போடும் முன், நாளைக்கு கர்னல் கெட்டுப்போனால் எப்படி உள்ளே நுழைவேன் என்றும் யோசித்துக்கொள்ளுங்கள், கதவைப் பூட்டி சாவியை உள்ளே வைத்த கதையாகிவிடும்.

கேள்வி: "ஸ்டார்ட்டிங் கர்னல்" என்று யூ-பூட் சொல்கிறது. அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

எல்லாக் கேள்விகளுக்கும் இதுதான் ராஜா, கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். கன்சோல் என்பது ஒரே ஆள் இல்லை. அதே இரண்டு வயரில் பூட் ரோம், பூட்லோடர், கர்னல், கடைசியில் லாகின் புரோகிராம் என்று நான்கு பேர் ஒருவர் பின் ஒருவராகப் பேசுகிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனி செட்டிங். முன்னால் பேசியவர் சரியாகப் பேசினார் என்பதால் அடுத்தவரும் பேசுவார் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. கடைசியாகப் பேசியது யார், அடுத்துப் பேச வேண்டியவருக்கு எந்த போர்ட்டைச் சொல்லியிருக்கிறோம், இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

இங்கே கடைசியாகப் பேசியது யூ-பூட். முதலில் கர்னல் ஓடுகிறதா என்று பாருங்கள். பீகிள்போன் பிளாக்கில் யூஎஸ்ஆர்0 எல்இடி வழக்கமாக ஹார்ட்பீட்டுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும். லப்-டப், சின்ன இடைவெளி, லப்-டப் என்று அது துடித்தால் கர்னல் நன்றாக ஓடுகிறது, வாய்தான் வேறு போர்ட்டில் இருக்கிறது. எல்இடி இல்லாத போர்டில் பிங் செய்து பாருங்கள்.

துடித்தால், யூ-பூட்டில் பிரிண்ட்என்வ் அடித்து பூட்ஆர்க்ஸ் வரியை (கர்னலுக்கு யூ-பூட் கொடுக்கும் செட்டிங்) படியுங்கள். கன்சோல் என்ற வார்த்தைக்குப் பின்னால் உள்ள பெயர் உங்கள் கர்னலில் உண்மையிலேயே இருக்கும் பெயரா? டிஐ சிப்புகளில் இந்தக் குழப்பம் பிரசித்தம்: பழைய ஓமேப் சீரியல் டிரைவர் போர்ட்டுக்கு டிடிஒய்ஓ0 என்று பெயர் வைக்கும், புதிய 8250 வகை டிரைவர் டிடிஒய்எஸ்0 என்று வைக்கும். கர்னலைப் புதுப்பித்துவிட்டு பூட்ஆர்க்ஸை அப்படியே விட்டால் சத்தம் நின்றுபோகும். அதிலும் ஓ என்ற எழுத்தும் பூஜ்யமும் பக்கத்தில் பக்கத்தில் வருவதால், இரண்டும் பூஜ்யம் என்று படித்து அரை நாள் போக்கியவர்களும் உண்டு. இன்னொன்று, கன்சோல் டிரைவர் கர்னலுக்குள்ளேயே இருக்க வேண்டும். சீரியல் டிரைவரை மாட்யூலாகப் போட்டால் அந்த போர்ட் கன்சோலாகவே வராது.

துடிக்கவில்லையா? அப்போது எர்லிகான் என்ற ஒரு வார்த்தையை பூட்ஆர்க்ஸில் சேருங்கள். டிவைஸ் ட்ரீயின் (போர்டில் என்னென்ன ஹார்ட்வேர் இருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் கோப்பு) சோசன் பகுதியில் எஸ்டிடிஅவுட்-பாத் கொடுத்திருந்தால் அதைப் பார்த்து, முழு டிரைவர் எழும் முன்னாலேயே கர்னல் பேசத் தொடங்கும், எங்கே விழுந்தது என்று தெரியும். பெரும்பாலும் வேறு போர்டின் டிவைஸ் ட்ரீ கோப்பை ஏற்றியிருப்பீர்கள், அல்லது கர்னலையும் டிவைஸ் ட்ரீயையும் ஒன்றின்மேல் ஒன்று படியும்படி முகவரி கொடுத்திருப்பீர்கள்.

எர்லிகானும் பேசவில்லை என்றால் என் கடைசி வித்தை. கர்னல் பேச முடியாவிட்டாலும் சொல்ல வந்ததை ராமில் ஒரு பஃபரில் எழுதி வைத்திருக்கும். பவரை எடுக்காமல் ரீசெட் மட்டும் செய்தால் ராமில் இருப்பது பெரும்பாலும் அழியாது. கம்பைல் செய்த இடத்தில் சிஸ்டம் மேப் கோப்பைத் திறந்து லாக்பஃப் என்று முடியும் வரியின் முகவரியை எடுத்து, அதை நிஜ ராம் முகவரியாக மாற்றிக்கொள்ளுங்கள் (பீகிள்போனில் ராம் ஆரம்பிப்பது பதினாறடிமான எண்ணில் 80000000). அப்புறம் யூ-பூட்டில் எம்டி கட்டளையால் அந்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். வலது பக்க ஓரத்தில் கர்னல் சொல்ல நினைத்த வரிகள் துண்டு துண்டாகத் தெரியும். முதல் தடவை இதைப் பார்த்தபோது இறந்தவர் எழுதி வைத்த கடிதத்தைப் படிக்கிற மாதிரி இருந்தது.

கேள்வி: லாக் நன்றாக ஓடி வந்து, "பூட்கன்சோல் டிசேபிள்டு" என்ற வரியோடு நின்றுவிடுகிறது.

அந்த வரி பிழைச் செய்தி இல்லை. எர்லிகான் தற்காலிக ஆள், நிஜக் கன்சோல் வந்ததும் வேலையை ஒப்படைத்துவிட்டுப் போகும்போது சொல்வது அது. அதற்குப் பிறகு அமைதி என்றால் வேலையை வாங்கிக்கொண்டவர் வேறு போர்ட்டில் இருக்கிறார், எச்டிஎம்ஐ திரையாகக்கூட இருக்கலாம். சற்று மேலே போய் எந்தக் கன்சோல் எனேபிள்டு என்று வந்திருக்கிறது என்று படியுங்கள். கீப் பூட்கான் என்று பூட்ஆர்க்ஸில் சேர்த்தால் தற்காலிக ஆள் போகாமல் நிற்பார், மிச்ச லாக்கையும் பார்க்கலாம். காரணம் தெரிந்ததும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: "அனேபிள் டு ஓபன் ஏன் இனிஷியல் கன்சோல்" என்று ஒரு எச்சரிக்கை.

ரூட் ஃபைல் சிஸ்டத்தில் டெவ் கன்சோல் என்ற டிவைஸ் நோட் இல்லை. ரூட் அனுமதி இல்லாமல் டார் கோப்பை விரித்தாலோ, சாதாரண யூசராக நகல் எடுத்தாலோ டிவைஸ் நோடுகள் வந்து சேராது, வழக்கமாக நடப்பது இதுதான். சாதாரண ரூட் பார்ட்டிஷன் என்றால் கர்னலில் டெவ்டிஎம்பிஎஃப்எஸ்ஸை (டிவைஸ் நோடுகளைக் கர்னலே உருவாக்கும் ஃபைல் சிஸ்டம்) தானாக மவுண்ட் செய்யும் தேர்வைப் போட்டால் தீர்ந்தது. இனிட்ராம்எஃப்எஸ் (ராமில் விரியும் ஆரம்ப ஃபைல் சிஸ்டம்) என்றால் அந்தத் தானியங்கி மவுண்ட் நடக்காது, எம்கேநாட் கொண்டு கேரக்டர் வகையில் 5, 1 என்ற எண்களோடு நீங்களே உருவாக்கி உள்ளே வைக்க வேண்டும்.

கேள்வி: கர்னல் லாக் முழுவதும் வந்துவிட்டது. லாகின் மட்டும் கேட்கவில்லை.

நான்காவது ஆள், கெட்டி, அதாவது லாகின் கேட்கும் புரோகிராம். கர்னலின் கன்சோல் வரியைப் படித்து சிஸ்டம்டி (கர்னலுக்குப் பின் மற்ற புரோகிராம்களைத் தொடங்குவது) தானாகவே அந்தப் போர்ட்டில் கெட்டியை எழுப்பிவிடும். பிஸிபாக்ஸ், சிஸ்வி இனிட் என்றால் இனிட்டேப் கோப்பில் நீங்கள் எழுதியதுதான் வேதம். லினக்ஸ் இமேஜைக் கட்டும் கருவிகளில், பில்ட்ரூட்டில் கெட்டி போர்ட் என்ற தேர்வு, யாக்டோவில் சீரியல் கன்சோல்ஸ் என்ற மாறி, அதில் சரியான பெயர் இருக்கிறதா பாருங்கள். "ரீஸ்பானிங் டூ ஃபாஸ்ட்" என்று வந்து ஐந்து நிமிடம் நிறுத்திவைத்தால், இல்லாத போர்ட்டில் கெட்டியை எழுப்பச் சொல்லியிருக்கிறீர்கள் என்று பொருள்.

பூட்ஆர்க்ஸில் இரண்டு கன்சோல் இருந்தால் கர்னல் செய்திகள் இரண்டுக்கும் போகும், ஆனால் டெவ் கன்சோல் ஆவது கடைசியில் எழுதியது மட்டும்தான். இனிட் ஸ்கிரிப்டுகளின் செய்தி திரையில் வந்து சீரியலில் வராமல் போனால் வரிசையை மாற்றுங்கள்.

கேள்வி: லாகின் வந்துவிட்டது, ஆனால் என்ன தட்டினாலும் ஏறவில்லை.

டெர்மினல் புரோகிராம் மினிகாம்தானே? கண்ட்ரோல் ஏ, அப்புறம் ஓ தட்டி, சீரியல் செட்டப்பில் ஹார்ட்வேர் ஃப்ளோ கண்ட்ரோலை நோ ஆக்குங்கள். உங்களிடம் மூன்று வயர்தான் இருக்கிறது, சிடிஎஸ் வயர் இல்லை, அனுப்பலாமா என்று மினிகாம் இல்லாத வயரைப் பார்த்துக் காத்திருக்கிறது. ஒரு மதியம் முழுக்க இதில் போய்விட்டது எனக்கு, ஆர்எக்ஸ் வயரை இரண்டு தடவை மாற்றி, போர்டைக்கூட மாற்றிப் பார்த்துவிட்டேன். அன்றிலிருந்து பிகோகாம்தான்.

அது இல்லையென்றால் ஒரு கேள்வி: யூ-பூட்டில் தட்ட முடிகிறதா? அங்கேயும் முடியாவிட்டால் வயர் அல்லது பின். அங்கே முடிந்து லினக்ஸில் மட்டும் முடியவில்லை என்றால் டிவைஸ் ட்ரீயில் பின்மக்ஸ் (எந்தப் பின்னுக்கு என்ன வேலை என்ற செட்டிங்) பாருங்கள். பீகிள்போனின் ஏஎம்335எக்ஸ் சிப்பில் ஆர்எக்ஸ் பின்னுக்கு இன்புட் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், அவுட்புட் என்று எழுதிவிட்டால் லாக் ஜோராக வரும், கீ மட்டும் உள்ளே போகாது.

கேள்வி: பாஸ்வேர்டு சரிதான், ஆனாலும் தவறு என்கிறது.

ரூட் என்றால் ஈடிசியில் செக்யூர்டிடிஒய் என்ற கோப்பு இருக்கிறதா பாருங்கள். அந்தப் பட்டியலில் உங்கள் சீரியல் போர்ட் இல்லாவிட்டால் ரூட்டை உள்ளே விடாது, காரணத்தையும் சொல்லாது. ராஸ்பெரி பை என்றால், பை என்ற பழைய இயல்பு யூசர் 2022 ஏப்ரலில் எடுக்கப்பட்டுவிட்டது, கார்டு எழுதும்போதே யூசரை உருவாக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ராஸ்பெரி பையில் மட்டும் எதைச் செய்தாலும் வரவில்லை.

பை 3, 4-இல் நல்ல சீரியல் போர்ட்டை ப்ளூடூத் எடுத்துக்கொள்கிறது. 8, 10 பின்களுக்குக் கிடைப்பது மினி யூஆர்ட், அதுவும் இயல்பாக அணைந்திருக்கும். கான்ஃபிக் கோப்பில் எனேபிள் யூஆர்ட்டை 1 ஆக்குங்கள். மினி யூஆர்ட்டின் வேகம் சிப்பின் கோர் கடிகாரத்தோடு கட்டப்பட்டது, கடிகாரம் ஏறி இறங்கினால் எழுத்து குப்பையாகும், எனேபிள் யூஆர்ட் வரி கடிகாரத்தையும் ஒரே இடத்தில் நிறுத்திவைக்கும். ப்ளூடூத் வேண்டாம் என்றால் டிசேபிள்-பிடி என்ற ஓவர்லே போட்டு நல்ல போர்ட்டையே திரும்ப வாங்கிக்கொள்ளலாம், எனக்கு அதுதான் பிடிக்கும். கமாண்ட்லைன் கோப்பு ஒரே வரியாக இருக்க வேண்டும், நடுவில் எண்டர் தட்டினால் அதற்குக் கீழே உள்ளது கணக்கில் வராது. ராஸ்பெரி பை ஓஎஸ்ஸின் புக்வோர்ம் வெளியீட்டிலிருந்து இந்தக் கோப்புகள் பூட் டைரக்டரிக்குள் ஃபர்ம்வேர் என்ற உள்டைரக்டரியில் இருக்கின்றன, பழைய இடத்தில் திருத்திவிட்டு மாறவில்லையே என்று தேடாதீர்கள். பை 5-இல் இரண்டு எச்டிஎம்ஐக்கும் நடுவே தனியாக 3 பின் டீபக் சாக்கெட் இருக்கிறது, அதற்கேற்ற கேபிள் வேண்டும்.

பச்சை எல்இடியையும் எண்ணுங்கள். திரும்பத் திரும்ப 4 சிமிட்டல் என்றால் ஸ்டார்ட் ஃபர்ம்வேர் கோப்பு இல்லை, 7 என்றால் கர்னல் கோப்பு இல்லை.

கேள்வி: ஷெல் வருகிறது, ஆனால் "ஜாப் கண்ட்ரோல் டர்ன்டு ஆஃப்" என்கிறது, கண்ட்ரோல் சி வேலை செய்யவில்லை.

ஷெல்லை டெவ் கன்சோல் மேல் ஓட்டுகிறீர்கள், அது கண்ட்ரோலிங் டெர்மினலாக இருக்க முடியாது. கெட்டி வழியாக நிஜப் போர்ட்டின் பெயரைக் கொடுத்து ஓட்டுங்கள்.

கேள்வி: பொருள் கடைக்குப் போகப்போகிறது. கன்சோலை அணைத்துவிடலாமா?

பேச்சைக் குறையுங்கள், வயரை வெட்டாதீர்கள். 115200-இல் ஒரு எழுத்துக்கு 10 பிட், அதாவது வினாடிக்கு 11520 எழுத்து. 30000 எழுத்து லாக் என்றால் பூட் நேரத்தில் இரண்டரை வினாடிக்கு மேல் அச்சடிப்பதற்கே போகிறது. க்வயட் என்று பூட்ஆர்க்ஸில் போட்டால் அந்த நேரம் மிச்சம், செய்திகளை டிமெசேஜில் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். லாகினுக்கு நல்ல பாஸ்வேர்டு வையுங்கள், அல்லது கெட்டியை எடுத்துவிடுங்கள். ஆனால் பிசிபியில் கிரவுண்டு, டிஎக்ஸ், ஆர்எக்ஸ் என்று மூன்று செப்புப் புள்ளிகளையாவது விட்டு வையுங்கள், பக்கத்திலேயே எது எது என்று அச்சிட்டும் வையுங்கள். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வரும் போர்டில் மல்டிமீட்டரை வைத்துத் தேடப்போவது நீங்கள்தான்.